அத்தை வீட்டு ஆடு

"கடலோர ஊரு அக்டாவ்ல நாம இருக்கப்போறது மூணே நாள். அங்க இருக்கற உங்க ரௌஷன் அத்தைக்கு நாம வர்றது தெரிஞ்சா, விருந்தாளிக்கு மரியாதைன்னு ஆட்டை அறுத்துத் தலையை உங்க முன்னால வெச்சு, மூணு நாளும் விருந்துல உட்கார வெச்சுடுவாங்க. அப்புறம் எங்க கடலைப் பார்க்கறது?" என்றாள் என் மனைவி ஆய்சுலு.

நியாயம்தான். ஆயிரம் கிலோமீட்டர் கார் ஓட்டி வந்தது ஆட்டுத்தலையைப் பார்க்கவா? வழியிலிருந்தே அத்தைக்குப் போன் போட்டேன்.

"இந்த வருஷம் லீவு கிடைக்கல அத்தை. வீட்டுலதான் இருக்கோம்."

"அடடா! உங்களுக்குன்னே ஒரு ஆட்டைக் கொழுக்க வெச்சிருக்கேனேடா பெக்சாத்!"

மனசு உறுத்தத்தான் செய்தது. கடலைப் பார்த்ததும் மறந்துபோனது. அடுக்குமாடிக் கட்டடத்து உச்சியில் நிற்கிற கலங்கரை விளக்கம், பாறையோரப் பாதை, சுட்ட மீன் என்று ஒரே ஆட்டம்தான். அத்தை தெருவைத் தவிர எல்லாத் தெருவிலும் கார் ஓடியது.

மூன்றாம் நாள், ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளி ஒரு கடற்கரை விடுதி.

"இங்க எந்த அத்தை வரப்போறாங்க!" என்று தண்ணீரில் குதித்தாள் ஆய்சுலு.

அலையில் ஆடி ஆடி ஒரு ரப்பர் டியூப் வந்து என் மேல் இடித்தது. அதற்குள் கறுப்புக் கண்ணாடியோடு ரௌஷன் அத்தை!

"அத்தை... திடீர்னு லீவு..." என்று உளறினேன்.

அத்தை என் வாயைப் பொத்தினார்.

"சத்தம் போடாதடா! சொந்தத்துல யார்கிட்டயும் சொல்லிடாத. கோடை வந்தா கடல் பார்க்கறேன்னு மொத்தக் கூட்டமும் என் வீட்டுல வந்து எறங்கிடுது. அதான் வீட்டைப் பூட்டிட்டு ஒரு மாசமா இங்க ஒளிஞ்சிருக்கேன்."

"அப்போ அந்தக் கொழுத்த ஆடு?"

"எந்த ஆடு?" என்றார் அத்தை.