வணக்கம், குண்டூசி

"அவன் பேரே இருக்கக் கூடாது தம்பி. சுவடு தெரியாம முடிச்சிடணும். எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம் சார்" என்றார் எதிரில் இருந்தவர், கொட்டாவியை மென்றபடி. இதே கோரிக்கையோடு அடிக்கடி ஆட்கள் வருவார்கள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அவர் கூலிப்படை ஆள் இல்லை. கடைகளின் இணையதளங்களைத் தன் சர்வரில் வாடகைக்குக் குடிவைத்திருக்கும் ஹோஸ்டிங்காரர். வந்திருந்தவர் 'காற்றாடை' என்ற திரைச்சீலைக் கடையின் முதலாளி. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி. தீர்த்துக்கட்டப்பட வேண்டியவன் மனைவியின் அண்ணன்.

கடையின் இணையதளத்தைத் தொடங்கிக் கொடுத்தது அந்த மச்சான்தான். கண்ட்ரோல் பேனலில் யூசர்நேம் கேட்டபோது தன் பட்டப்பெயரையே போட்டுவிட்டான். அன்றுமுதல் முதலாளி உள்ளே நுழையும்போதெல்லாம் திரை அவரை 'வணக்கம், குண்டூசி' என்று வரவேற்றது. சண்டை முற்றி, பங்கைப் பிரித்துக்கொண்டு மச்சான் வெளியேறிய பிறகும் அது மரியாதை குறையாமல் அப்படியே வரவேற்றது.

"கடைப் பத்திரத்துல இவ பேரும் இருக்கு. கையெழுத்துக்காகத்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் முதலாளி. "மத்தபடி இவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. இந்தத் தெருவையே இன்னைக்குத்தான் பாக்கறா."

ஹோஸ்டிங்காரர் மூலையில் இருந்த மெஷினில் காபி பிடித்து வந்தார். சர்க்கரை போடாத கோப்பையை மனைவியின் பக்கம் நகர்த்திவிட்டு, "சாருக்கு எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டார்.

"மூணு. காபி ஆத்தினது போதும், வேலையப் பாருங்க."

"பாஸ்வேர்ட மாத்தியாச்சு சார். இனிமே அவரு உள்ள வர முடியாது. பேரு அப்படியே இருந்தாலும் ஒண்ணும் கெடாது."

"கெடாதா? தினமும் காலையில அவன் பேருல நான் வணக்கம் வாங்கணுமா?"

"பேரு மாறினா உள்ள இருக்கற ஃபோல்டர் பேரும் மாறும் சார். பழைய பேர நம்பி எழுதின பக்கமெல்லாம் கொஞ்ச நேரம் படுத்துக்கும்." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். குண்டூசி_ஆர்டர். குண்டூசி_அளவு. குண்டூசி_பில்.

"எங்க தொட்டாலும் குத்துறானே" என்றார் முதலாளி. "படுத்தா படுக்கட்டும். கடைக்கு வர்ற ஆர்டர் பூரா இது வழியாத்தான் வருது. அவன் வாடிக்கைய இழுத்துக்கிட்டான்னா நான் தெருவுல நிக்கணும்."

"எங்கண்ணன் அப்படியெல்லாம் செய்யாது" என்றார் மனைவி.

"வக்காலத்து வாங்கத்தான் வந்தியா? ஜன்னல அளக்கறதோட உன் வேலை முடிஞ்சுது."

அது உண்மைதான். வீடு வீடாகப் போய் ஜன்னல் அளப்பதும், துணி தேர்ந்து கொடுப்பதும், தைத்து மாட்டிவிட்டு வருவதும் மனைவி. கல்லாவில் உட்காருவது முதலாளி. வேலைப் பங்கீட்டில் அவர் இதுவரை ஒரு குறையும் கண்டதில்லை.

"புதுப் பேரு என்ன போடட்டும் சார்?"

"காற்றாடை. என் கடை, நான் வெச்ச பேரு."

"வெச்சது நான்" என்றார் மனைவி.

"சரி, நீயே வெச்ச. போர்டு மாட்டினது யாரு?"

"வேற ஏதாவது போடுங்களேன்."

"ஏன், உங்கப்பா பேரப் போடட்டுமா? நீங்க அடிங்க தம்பி."

ஹோஸ்டிங்காரர் உடனே அடிக்கவில்லை. ஒரு கணம் தயங்கினார். மனைவி எதிரே இருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் பழக்கம், மனசுக்குள் அளந்துகொண்டிருக்கலாம்.

ஹோஸ்டிங்காரர் அடித்தார். பெட்டிக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி வந்தது.

"இந்தப் பேரு கிடைக்காது சார். இதே பேருல வேற ஒரு கணக்கு ஏற்கெனவே இந்த சர்வர்ல இருக்கு. ஒரு பேருக்கு ஒரு கணக்குதான்."

"என் கடைப் பேருல கணக்கா? எவன் அவன்?"

"வாடிக்கையாளர் விவரத்த வெளிய சொல்லக் கூடாது சார்."

"நீங்க வேற சொல்லணுமாக்கும்." முதலாளி நாற்காலி பின்னால் சரிய எழுந்தார். "குண்டூசிதான். போற போக்குல பேரையும் உருவிட்டுப் போயிருக்கான். நாளைக்கு இதே பேருல கடை போடுவான், என் வாடிக்கையெல்லாம் அவன் பின்னாடி போயிடும். அண்ணன் செய்யாதாம்ல, அண்ணன். உன் காதாலயே கேளு."

போனை எடுத்து மச்சானுக்கு அடித்தார். ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தார்.

"ஏண்டா, காற்றாடைங்கற பேர நீ அமுக்கிட்டா எனக்குத் தெரியாமப் போயிடுமா?"

"அந்தப் பேரக் கேட்டாலே எனக்குத் தும்மல் வருது மாப்ளே" என்றது போன். "அத வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? உங்க சங்காத்தமே வேண்டாம்னுதானே வெளிய வந்தேன்."

"பொய் சொல்லாத. உன்னை விட்டா வேற எவன் எடுத்திருப்பான்?"

"வேற எவன்..." என்று இழுத்தது போன். உண்மையாகவே யோசிப்பது போல இருந்தது.

மனைவி மிச்சக் காபியைக் குடித்து முடித்தார். கையெழுத்துக்காக எடுத்து வைத்திருந்த பேனாவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். போன் பக்கம் லேசாகக் குனிந்தார்.

"நீ போன வை அண்ணா. எடுத்தது நான்."