பட்டுச் சேலைச் சோதனை

கச்சிராயபாளையம் பட்டறையில், தன் டிரெய்லரில் படகைத் தாங்கும், கார்ப்பெட் ஒட்டிய மரக்கட்டைகளைத் தடவித் தடவிப் பார்த்தார் ரெக்ஸ். மனைவி நான்சி ஜீப்பில் இருந்தாள்.

"கார்ப்பெட்டுக்கு அடியில போல்ட்டுத் தலை முட்டிக்கினு இருந்தா படகக் கீறிடும்பா. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்றார்.

"தலையெல்லாம் மரத்துக்குள்ள எறக்கிட்டேன் சார், பாருங்க" என்ற பட்டறைக்காரன் இளஞ்செழியன், ஒரு சிவப்புப் பட்டுச் சேலையைக் கட்டையின் மேல் அழுத்தி, மறுமுனை வரை இழுத்தான். ஒரு நூல்கூடச் சிக்கவில்லை.

ரெக்ஸ் சிரித்தார். "கில்லாடிதான்! கிழிஞ்சிருந்தா உன் பொண்டாட்டி உன்ன வூட்டுல சேத்திருப்பாளா?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல சார். சேலை உங்க வூட்டுது. மேடம்தான் குடுத்தாங்க."

ரெக்ஸ் ஜீப் பக்கம் திரும்பினார்.

"கோயில்ல நீங்க தாலி கட்டுனப்ப நான் கட்டிக்கினு இருந்த சேலைங்க" என்றாள் நான்சி. "உங்க கண்ணுக்குத்தான் எதுவும் தப்பாதே!"