ஒரே கிண்ணம்

அந்த அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு உண்டு. மேலாளர் முதல் துப்புரவுப் பணியாளர் அஞ்சலை வரை எல்லாரும் பாயில் அமர்ந்து, ஒரே கிண்ணத்திலிருந்து ஆளுக்கொரு மிடறு குடிக்க வேண்டும். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் உள்ள பட்டை மனத்தை அளக்கும்: அமைதியானால் பச்சை, கலங்கினால் சிவப்பு. அத்தனை பட்டைகளும் பச்சையானால்தான் கதவு திறக்கும்.

அன்று அஞ்சலை குடித்துவிட்டு, கிண்ணத்தை இரு கைகளாலும் மேலாளர் வைத்தீஸ்வரனிடம் நீட்டினாள்.

"இங்க எல்லாரும் சமம்தாம்மா," என்று சிரித்தபடி வாங்கினார். விளிம்பைத் துடைத்துவிட்டுக் குடிப்பதுதான் முறை. அவர் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய பட்டை சிவந்தது. அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர்களின் பட்டைகளும் வரிசையாகச் சிவந்தன.

அஞ்சலையின் பட்டை மட்டும் பச்சையாக இருந்தது.

அறையின் இயந்திரக் குரல் கனிவாகச் சொன்னது: "அஞ்சலை வெளியே இருந்தால் அனைவருக்கும் அமைதி கிடைக்கும்." கதவு அவளுக்காக மட்டும் திறந்தது.

"மிஷின்தான் சொல்லுது. தப்பா எடுத்துக்காதம்மா," என்றார் வைத்தீஸ்வரன்.

அவள் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"அப்ப கிண்ணத்த யாரு சார் கழுவுறது?"

"நீதாம்மா," என்றார்.

அதைச் சொல்லும்போது அவருடைய பட்டை பச்சையாக இருந்தது.