ஆய்வு பொய் சொல்லாது

தருமபுரியில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் திட்ட அலுவலர் நவநீதன் ஒரு தடித்த ஆய்வறிக்கையைத் தூக்கிக் காட்டினார். அச்சகத்திலிருந்து வந்தபிறகு அதை யாரும் திறந்த மாதிரி தெரியவில்லை.

"ஆய்வு பொய் சொல்லாது. நம்ம 'வாசிப்பு ரதம்' திட்டம் ஜெயிச்சிருச்சு. இனி மாவட்டம் முழுக்க இதுதான். பென்னாகரம் பக்கத்துல அன்ஜும் டீச்சரோட பிள்ளைங்க வாசிப்புல முதல் இடம். மேடைக்கு வாங்க டீச்சர், எப்படிச் சாதிச்சீங்கன்னு சொல்லுங்க."

அன்ஜும் தயங்கியபடி மைக்கை வாங்கினார்.

"தினமும் பாடம் நடத்தினோம் சார். வேற ஒண்ணுமில்லீங்க."

"தன்னடக்கத்தைப் பாருங்க. திட்டத்துல குடுத்த டேப்லெட்ல தினமும் போட்டோ ஏத்தினீங்கல்ல?"

"இல்லீங்க சார்."

"வாராவாரம் பயிற்சிக்கு வந்தீங்கல்ல?"

"வரலீங்க."

நவநீதனின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்புறம் எப்படி டீச்சர் முதல் இடம்?"

"எங்க பள்ளிக்கூடம் திட்டத்துலயே இல்லீங்க சார். திட்டம் இல்லாத பிள்ளைங்க எப்படிப் படிக்கறாங்கன்னு ஒப்பிட்டுப் பாக்கத்தான் எங்களை எடுத்தாங்க. மத்தவங்க பயிற்சிக்கும் போட்டோவுக்கும் அலைஞ்சப்ப நாங்க வகுப்புலயே இருந்தோம்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். நவநீதன் முதல்முறையாக அறிக்கையைத் திறந்தார். உடனே மூடினார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? திட்டம் இல்லாமலே முதல் இடம்னா, திட்டம் வந்தா இந்தப் பிள்ளைங்க எங்கேயோ போயிடுவாங்க. திங்கக்கிழமையில இருந்து நீங்களும் பயிற்சிக்கு வந்துடுங்க டீச்சர்."