டெல்மர் காதில் ஓர் இரைச்சல்

மேடு தொடங்கியதும் டெல்மர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பின்னால் ட்ரெய்லரில் பதினோரு இளங்காளைகள். ஒரு மணிக்குச் சந்தையில் ஏலம். பக்கத்து இருக்கையில் கர்ட், ஊரில் சைலன்சர் வேலை தெரிந்த ஒரே ஆள். காலையில் அவருடைய வண்டியே படுத்துவிட்டதால், டெல்மரின் பிக்கப்பில் தொற்றிக்கொண்டு சந்தைக்கு வருகிறார்.

இந்த மேட்டில்தான் அது வரும்.

ஊங் என்று காலடியில் கிளம்பி, மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் ஓர் இரைச்சல். ஏப்ரலில் இந்தப் பழைய பிக்கப்பை வாங்கியதிலிருந்து டெல்மருக்கு அது கேட்கிறது. மூன்று முறை கர்ட்டிடம் வண்டியை விட்டாயிற்று. புகைக்குழாயைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினார், சைலன்சரையே புதிதாகப் போட்டார். மூன்று முறையும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"வண்டியில ஒண்ணுமில்லய்யா. போய்க் காது டாக்டரப் பாரு."

அதைக்கூடச் சிரித்துத் தள்ளிவிடலாம். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகும் அது கேட்கத் தொடங்கியதுதான் வினை. "உனக்குக் கேக்குதா?" என்று ஒருநாள் மனைவியிடம் வாய்தவறிக் கேட்டுவிட்டார். நோரீன் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். யாரை நினைத்துக்கொள்கிறாள் என்று டெல்மருக்குத் தெரிந்தது.

அண்ணன் லெலண்டுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இல்லாத டிராக்டர் களத்தில் ஓடுகிறது என்றார். ஐம்பத்தெட்டு வயதில் பெற்ற மகளின் பெயரை மறந்தார். இப்போது முதியோர் இல்லத்தில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்.

டெல்மருக்குப் போன மாதம் ஐம்பத்தேழு முடிந்தது.

நோரீன் அழவில்லை, சண்டை போடவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமைக்கு ராப்பிட் சிட்டி நகரத்தில் மூளை டாக்டரிடம் நேரம் வாங்கினாள். ட்ரெய்லரை விலைக்குக் கேட்கும் ஆள் ஒருவரையும் பார்த்து வைத்தாள். இன்று காலை பள்ளிக்கூட வேலைக்குக் கிளம்பும்போது, "இதுதான் கடைசி லோடு, டெல்மர். சரின்னு சொல்லுங்க" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டார்.

இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் முள் ஆயிரத்து எழுநூறைத் தொட்டது.

வந்துவிட்டது.

டெல்மர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கர்ட்டைப் பார்க்கவே பயமாக இருந்தது. கேட்கிறதா என்று கேட்டு, அவர் "எது?" என்று திருப்பிக் கேட்டுவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது.

கர்ட் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தார். மச்சான் மான் வேட்டைக்குப் போய்ச் சொந்த வண்டியின் கண்ணாடியையே சுட்டுவிட்டு வந்த கதை. ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை.

அப்படியானால் நோரீன் நினைத்தது சரிதான். லெலண்ட் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொல்ல வேண்டியதுதான்.

அப்போதுதான் டெல்மர் கவனித்தார். கர்ட் கத்திக்கொண்டிருந்தார்.

மேட்டுக்குக் கீழே சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்த மனிதர், இப்போது கழுத்து நரம்பு புடைக்கத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கதையில் மச்சான் துப்பாக்கியைத் தூக்கிய இடத்தில் அவருக்கே அது உறைத்தது. சட்டென்று நிறுத்தினார். காதைப் பொத்தினார், கையை எடுத்தார், மறுபடி பொத்தினார். கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"என்னய்யா இது கண்றாவி! மண்டைக்குள்ள தேனீ கூடு கட்டுன மாதிரி! இதுலயா இத்தன நாளா ஓட்டிட்டிருக்க?"

டெல்மருக்குக் கண் நிறைந்து சாலை மங்கியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, ஆறு மாதமாக விடாத மூச்சை விட்டார்.

கர்ட் தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய பட்டறை முற்றத்தில் ட்ரெய்லர் திரும்பாது. அதனால் மூன்று முறையும் அதை வெளியே அவிழ்த்து நிறுத்திவிட்டு, வெறும் வண்டியைத்தான் ஓட்டிப் பார்த்திருந்தார். பாரம் இழுக்கும்போது மட்டும் வரும் சத்தம் வெறும் வண்டியில் எப்படி வரும்? இந்த இரைச்சலுக்குள் அரை நாள் உட்கார்ந்து வருகிறவனின் காதில் அது சாப்பாட்டு மேசை வரை ஒட்டிக்கொண்டு வராமல் என்ன செய்யும்?

"என் தப்புதான்யா. புகைக்குழாய்ப் பக்கவாட்டுல, ஒரு முனை அடைச்ச முட்டுக்குழாய் மூணடிக்கு வெல்டிங்ல பத்த வெச்சா, சத்தம் அதுக்குள்ள போய் முட்டி அடங்கிடும். ஏலம் முடிஞ்சதும் நேரா பட்டறைக்கு விடு. அரை மணி நேர வேலை."

"வேணாம்" என்றார் டெல்மர்.

மேட்டின் உச்சியில் லாரிகள் ஒதுங்கும் அகலமான இடம் இருந்தது. அதில் வண்டியையும் ட்ரெய்லரையும் மெல்ல வளைத்து, வந்த வழிக்கே திருப்பினார். காளைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கத்தின.

"யோவ், ஒரு மணிக்கு ஏலம்! மூள கீள கலங்கிப்போச்சா உனக்கு?"

"இல்லையாம்!" டெல்மர் சிரித்தார். சிரிப்பு நிற்கவே மாட்டேன் என்றது. "மாடு அடுத்த வாரமும் மாடாத்தான் இருக்கும். இதுங்கள இறக்கிட்டா பாரம் போயிடும், சத்தமும் போயிடும். நோரீன் பள்ளிக்கூடத்துல இருக்கா. அவளை ஒரே ஒரு தடவை இந்த மேட்டுல ஏத்திட்டு வந்துடறேன். அப்புறம் நீ என்ன வேணா பத்த வெய்."

லெலண்டுக்கு நேர்ந்தது அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? கர்ட் நடு இருக்கையில் கிடந்த கையுறைகளையும் கயிற்றையும் அள்ளி மடியில் வைத்துக்கொண்டு, நோரீனுக்கு இடம் விட்டுக் கதவோரம் ஒட்டி உட்கார்ந்தார்.