முக்கால் கிலோ வடாம்

"மூணு கிலோ வடாம் அனுப்பினேன். பெங்களூருல ரெண்டேகால்தான் போய்ச் சேந்திருக்கு. மிச்சம் முக்கால் கிலோ இவரு வயித்துலதான் இருக்கணும்" என்றார் ஞானாம்பாள்.

'இவரு' என்பவர் கீழ்வேளூரில் கூரியர் கடை வைத்திருக்கும் சமீர். விசாரிக்க வந்தவர் அரசு ஆய்வாளர் ராஜராஜன். பெயருக்கேற்ற மிடுக்கு, கையில் தலையணை மாதிரி ஒரு விதிமுறைப் புத்தகம்.

"எடை குறைஞ்சிருக்கு. டேப் மாத்தி ஒட்டியிருக்கு. ஒரே நாள்ல போக வேண்டியது மூணு நாள் ஆயிருக்கு. பார்சலைப் பிரிச்சது உறுதியானா உரிமம் ரத்து. கடையை மூட வேண்டியதுதான்."

"நான் ஒண்ணுகூடத் திங்கல சார்."

"அப்ப எலியா? எலி டேப் போட்டு ஒட்டுமா?"

சமீர் அவசரமாகக் குறுக்கிட்டார். "எடையை விடுங்க சார். எண்ணிப் பாக்கச் சொல்லுங்க."

ஞானாம்பாள் பெங்களூரிலிருக்கும் மகள் குந்தவைக்குப் போன் போட்டார். பாவம், அவள் அலுவலக வேலையை விட்டுவிட்டு எண்ணினாள்.

"இருநூறும் இருக்கும்மா."

அனுப்பியதும் இருநூறுதான். ஆய்வாளருக்குக் குழம்பிவிட்டது. "ஒவ்வொண்ணுலயும் ஓரத்தை மட்டும் கடிச்சீங்களா?"

இனி மறைத்துப் பயனில்லை என்று சமீர் வாயைத் திறந்தார். "மழை நேரம் சார். அம்மா ஈரத்தோட கட்டிட்டாங்க. பூசணம் பிடிச்சிடுமேன்னு பிரிச்சு, ரெண்டு நாள் வெயில் அடிச்சப்பல்லாம் எங்க மொட்டை மாடியில காய வெச்சேன். காக்கா ஓட்டினது என் வீட்டுக்காரி கமருன்னிஸா."

ஞானாம்பாளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கொள்முதல் நிலையத்துல நெல்லுக்குத்தான் ஈரப்பதம் பாப்பாங்க. வடாமுக்கும் உண்டுன்னு எனக்குத் தோணலையே. புகாரைக் கிழிச்சிடுங்க சார்."

"கிழிச்சிடலாம். ஆனா பிரிச்சதை ஒத்துக்கிட்டாரே. அனுப்பினவங்க சம்மதம் இல்லாமப் பிரிச்சா விட முடியாது" என்று பேனாவைத் திறந்தார் ராஜராஜன்.

"சம்மதமா? காய வெக்கச் சொன்னதே நாந்தான்" என்றார் ஞானாம்பாள், கொஞ்சமும் கூசாமல். "வயசாச்சுல்ல, மறந்துபோச்சு."

ஆய்வாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, சமீரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"திருப்பனந்தாள்லேர்ந்து எங்க மாமியார் அனுப்பற வடாமும் ஈரமாத்தான் வருது. உங்க மாடியில இடம் இருக்குமா?"