சோத்தாங்கைப் பக்கம்

"விலையா இது? பகல் கொள்ளை! ஹெட்லைட் கேட்டா வேனையே வாங்கற விலை சொல்றீங்க!"

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் மட்டும் நிமிரவில்லை.

"விலை அதுதாம்மா. வேணும்னா எடுங்க. இல்லைன்னா பின்னாடி நிக்கறவங்களுக்கு வழிய விடுங்க."

தெருவே இவருக்குக் 'கறார்' என்று பேர் வைத்ததில் தப்பே இல்லை என்று முணுமுணுத்தபடி அவள் வீட்டுக்கு வந்தாள்.

வாசலில் பள்ளிக்கூட வேன் நின்றது. ரிவர்ஸ் எடுத்த லாரி ஒன்று இடித்து, அதன் ஒரு பக்க ஹெட்லைட் நொறுங்கிப் போயிருந்தது. அடுத்த மாதம் வண்டிச் சோதனை. ரெண்டு விளக்கும் எரியாவிட்டால் வேனை ஓட்ட விடமாட்டார்கள். வேன் நின்றால் பிள்ளைகளையெல்லாம் அடுத்த வேன்காரர் அள்ளிக்கொண்டு போய்விடுவார். அவள் கணவருக்கு வேறு பிழைப்பு தெரியாது.

"ஏங்க, நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் இதே விளக்கு பாதி விலைதான். என் தங்கச்சி வீட்டுக்காரர் எல்லாமே அங்கேதான் வாங்கறாரு. போன்லயே வாங்கிடலாம்."

"கண்ணால பார்க்காம வாங்கறது சரிப்படுமா?"

"எல்லாம் படும். எந்தப் பக்கம்னு கேக்குது, சொல்லுங்க."

"சோத்தாங்கைப் பக்கம்" என்றார் அவர், டயரைத் துடைத்துக்கொண்டே.

அவளுக்கு எதையும் ஒரு தடவை சரிபார்க்காமல் இருக்க முடியாது. வேனுக்கு நேர் எதிரே போய் நின்றாள். சோத்தாங்கையை நீட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கத்து விளக்கு முழுசாக இருந்தது. நொறுங்கியது மற்ற கைப் பக்கம்.

'இத்தனை வருஷமா வண்டி ஓட்டற மனுஷன், சோத்தாங்கை எதுன்னு தெரியல பாரு' என்று தலையில் அடித்துக்கொண்டு, இடது பக்கம் என்று அழுத்திவிட்டாள்.

பணம் கட்டியாகிவிட்டது. அப்புறம்தான் ஆரம்பித்தது.

முதலில் சுங்க வரி கட்டச் சொல்லி போன் வந்தது. கட்டினாள். அந்த வரிக்கு மேல் ஒரு வரி. அதையும் கட்டினாள். பிறகு, பெட்டியைத் திறந்து பார்த்ததற்குக் கட்டணம் என்றார்கள்.

"திறந்து பாருங்கன்னு நானா சொன்னேன்?"

"ரூல் அப்படிங்கம்மா."

கடைசியில், கிடங்கில் பெட்டி கிடந்த நாட்களுக்கு வாடகை. விளக்குக்கு வாடகை கட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும் என்று நொந்துகொண்டாள். அவசரத்துக்கு என்று எடுத்து வைத்திருந்ததெல்லாம் கரைந்து, கறார் சொன்ன விலையையும் தாண்டிப் போய்விட்டது. கணவரிடம் மூச்சு விடவில்லை.

சோதனைக்கு முந்தின நாள் பெட்டி வந்து சேர்ந்தது. கணவர் பிரித்தார். வேனில் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சோத்தாங்கைப் பக்கம்னுதானே சொன்னேன்?"

"எதிர்ல நின்னு பார்த்தேனே! உடைஞ்சது அந்தப் பக்கம் இல்லையே!"

"நான் வண்டியோட சோத்தாங்கையைச் சொன்னேன்டி."

"வண்டிக்கு ஏதுங்க சோத்தாங்கை? அது என்ன சோறா திங்குது?" என்று கேட்கும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

திருப்பி அனுப்பலாம் என்றால், அனுப்பும் செலவு விளக்கின் விலையைவிட அதிகம். புதுசு வாங்கக் கையில் காசில்லை. விடிந்தால் சோதனை.

"நீ பேசின பேச்சுக்கு அந்தக் கடைப்படியை எப்படி மிதிக்கறது?" என்றார் கணவர்.

"பேசினது நான். நானே மிதிக்கறேன்."

பெட்டியைக் கட்டிக்கொண்டு போய் நின்றாள். போன தடவை வாயில் வராத 'அண்ணே' இந்தத் தடவை தானாக வந்தது.

"அண்ணே... பக்கம் மாறிப் போச்சு."

கறார் பெட்டியைப் பார்த்தார். அதன் மேல் இருந்த முத்திரைகளைப் பார்த்தார். போச்சு, இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இடதா? நல்லதாப் போச்சு. இடதுக்கு ஒருத்தர் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்காரு. இதை வச்சுட்டு வலதை எடுத்துட்டுப் போங்க."

"மேல எவ்வளவு தரணும்ணே?"

"சரிக்குச் சரி. தெருவுல போய்ச் சொல்லிக்கிட்டு மட்டும் இருக்காதீங்க."

அன்றைக்கே விளக்கு மாட்டியாகிவிட்டது. மறுநாள் சோதனையில் வேன் தேறியது. வழக்கம்போலப் பிள்ளைகளின் கூச்சலோடு அது தெருமுனையில் திரும்பியதைப் பார்த்த பிறகுதான், அவளுக்கு மூச்சே சீராக வந்தது.

நன்றி சொல்லலாம் என்று கடைக்குப் போனாள். கறார் இல்லை. அவருடைய மனைவிதான் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணன் வந்தா சொல்லுங்க, வண்டி பாஸாகிடுச்சுன்னு. நல்ல வேளை, இடது பக்க விளக்குக்கு ஒருத்தர் கேட்டிருந்தாராம். அவர் வந்து வாங்கிட்டாரா?"

கறாரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீங்களும் எல்லை தாண்டி வாங்கினவங்களாக்கா?"

கையை மேலே காட்டினாள். பரண் முழுக்கப் பெட்டிகள். கண்ணாடி, கதவுப் பிடி, விளக்கு என்று வெளியே படம் போட்டவை. ஒவ்வொன்றிலும் அயல்நாட்டு முத்திரை. எல்லாம் தூசி படிந்து கிடந்தன.

"யார் தப்பா வாங்கிட்டு வந்து நின்னாலும், 'ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு'ன்னு சொல்லி வாங்கி வச்சிக்குவாருக்கா. நானும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பார்க்கறேன், அந்த ஒருத்தர் மட்டும் இன்னும் வந்தபாடில்ல!"